அறை கொடுத்த விடுதி நள்ளிரவில் திருமணச் சான்றிதழ் கேட்டால்?

கேள்வி: எனக்கு வயது 27. திருச்சியில் ஒரு தனியார் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். எனக்கு நிச்சயிக்கப்பட்டவர் கோவையில் வேலை பார்க்கிறார். வருகிற தை மாதம் திருமணம். ஒரு வார இறுதியைச் சென்னையில் கழிக்கலாம், இரண்டு இரவும் படம் பார்க்கலாம் என்று முடிவு செய்து, செயலி வழியாக ஒரு விடுதியில் இரண்டு இரவுகளுக்கு அறை பதிவு செய்து 6,400 ரூபாயை முன்னதாகவே செலுத்தினேன். வெள்ளிக்கிழமை மாலை இருவருடைய அடையாள அட்டைகளையும் நகலெடுத்துக்கொண்டு அறை கொடுத்தார்கள். சனிக்கிழமை இரவுக் காட்சி முடிந்து ஆட்டோவில் திரும்பும்போது ரோந்துக் காவலர்கள் நிறுத்தி, கணவன் மனைவியா என்று கேட்டு, கைப்பேசியில் எங்களைப் படம் எடுத்துக்கொண்டு, என் தந்தையின் எண்ணையும் கேட்டார்கள், நான் கொடுக்கவில்லை. விடுதிக்கு வந்தால், திருமணச் சான்றிதழ் இல்லாமல் அறைக்குப் போகக் கூடாது, மீறினால் போலீசை அழைப்பேன் என்றார் இரவுப் பணி மேலாளர். பெட்டிகளை எடுத்துக்கொண்டு வெளியேறி, வேறொரு விடுதியில் 4,100 ரூபாய் கொடுத்துத் தங்கினோம். பணத்தைத் திருப்பிக் கேட்டால், 'ரத்து செய்ய இயலாத முன்பதிவு' என்கிறது செயலி நிறுவனம். திரையரங்கிலும் எங்கள் தண்ணீர் பாட்டிலை வாசலில் வாங்கி வைத்துக்கொண்டு, உள்ளே 20 ரூபாய் பாட்டிலை 60 ரூபாய்க்கு விற்றார்கள். நாங்கள் செய்தது குற்றமா? பணம் திரும்பக் கிடைக்குமா? வீட்டுக்குத் தெரியாமல் நடவடிக்கை எடுக்க முடியுமா?

பதில்: நீங்கள் இருவரும் செய்ததில் குற்றம் ஏதும் இல்லை. 18 வயது நிறைந்த ஆணும் பெண்ணும், திருமணம் ஆகியிருந்தாலும் ஆகாவிட்டாலும், தம் விருப்பத்தின்பேரில் ஒரே அறையில் தங்குவதைத் தடை செய்யும் சட்டம் இந்தியாவில் எதுவும் இல்லை. கோவையில் மணமாகாத ஒரு ஜோடி தங்கியிருந்ததைக் காரணங்களுள் ஒன்றாகக் காட்டி ஒரு தங்குமிடத்துக்கு அதிகாரிகள் முத்திரையிட்ட வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி எம்.எஸ். ரமேஷ் 2019 டிசம்பரில் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறார். மணமாகாத இருவர் சேர்ந்து வாழ்வதே குற்றமில்லை எனும்போது அவர்கள் விடுதி அறையில் தங்குவது மட்டும் எப்படிக் குற்றமாகும் என்பதே அத்தீர்ப்பின் சாரம். முத்திரையை அகற்றவும் உத்தரவிடப்பட்டது. சேர்ந்து வாழ்வது குற்றமல்ல என்பதை 2010ஆம் ஆண்டிலேயே குஷ்பு தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

ஆனால், குற்றம் இல்லை என்பதாலேயே ஒவ்வொரு விடுதியும் உங்களுக்கு அறை கொடுத்தாக வேண்டும் என்று ஆகிவிடாது. என்னிடம் வருபவர்களில் பலரும் இந்த இடத்தில்தான் குழம்புகிறார்கள். விடுதிகளிலும் பொது கேளிக்கை இடங்களிலும் மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றை மட்டுமே காரணமாகக் கொண்டு ஒருவரைத் தடுக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 15(2)ஆம் பிரிவு. அந்தப் பட்டியலில் திருமண நிலை இடம்பெறவில்லை. எனவே மணமாகாத ஜோடிகளை ஏற்பதில்லை என்று ஒரு தனியார் விடுதி கொள்கை வகுத்துக்கொண்டால், அந்தக் கொள்கையையே சட்ட விரோதம் என்று உடைப்பது இன்றைய நிலையில் கடினம். 2025 ஜனவரியில் ஓயோ நிறுவனம் மீரட் நகர விடுதிகளில் உறவுக்கான சான்றைக் கேட்கும் நடைமுறையைக் கொண்டுவந்தபோது எழுந்த விவாதத்தில் பலர் இந்த வேறுபாட்டைக் கவனிக்கவில்லை. எனக்கு அந்தக் கொள்கையில் உடன்பாடு இல்லை; என் உடன்பாடின்மையால் உங்கள் வழக்கு வலுப்பெறப் போவதுமில்லை.

உங்கள் வழக்கின் வலு வேறிடத்தில் இருக்கிறது. அப்படியொரு கொள்கை உண்டென்றால், பணம் வாங்குவதற்கு முன்பே, முன்பதிவு செய்பவரின் கண்ணில் படும்படி அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் பணத்தைப் பெற்றுக்கொண்டு, பிறகு புதிய நிபந்தனை ஒன்றைப் புகுத்துவது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் 2(11)ஆம் பிரிவு விளக்கும் சேவைக் குறைபாடாகும். அதைவிட முக்கியமானது வெள்ளிக்கிழமை மாலை நடந்தது. இருவருடைய அடையாள அட்டைகளையும் வாங்கி, திருச்சி முகவரியையும் கோவை முகவரியையும் பார்த்து, நகலெடுத்துக்கொண்டு, ஓர் இரவு தங்கவும் வைத்த விடுதி, மறுநாள் நள்ளிரவில் விழித்துக்கொண்டது போலத் திருமணச் சான்றிதழ் கேட்க முடியாது. தெரிந்தே ஏற்றுக்கொண்ட விருந்தினரை, அவர் தரப்பில் தவறான நடத்தை எதுவும் இல்லாதபோது, இடையில் வெளியேற்றுவது ஒப்பந்த மீறல்.

ஆகவே முதல் வேலையாக, செயலியில் அந்த விடுதியின் பக்கத்தைத் திறந்து, 'விடுதி விதிகள்' என்ற பகுதி உட்பட அனைத்தையும் தேதியுடன் படமெடுத்து வையுங்கள். நாளை அந்தப் பக்கம் மாற்றப்படலாம். மணமாகாத ஜோடிகளுக்கு அனுமதியில்லை என்ற வரி அங்கே முன்பே இருந்திருந்தால் உங்கள் நிலை சற்றுத் தளரும். அப்போதும் வெள்ளிக்கிழமை நிகழ்வு உங்களுக்குத் துணை நிற்கும். இரண்டாவதாக, வரவேற்பறையின் கண்காணிப்புக் கேமராப் பதிவை அழிக்காமல் பாதுகாக்கும்படி விடுதிக்கு இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். பெரும்பாலான கருவிகளில் சில வாரங்களிலேயே பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். கோரிக்கை பெற்ற பிறகும் பதிவை அழியவிட்டால், அதை அவர்களுக்கு எதிராகவே எடுத்துக்கொள்ளும்படி நுகர்வோர் ஆணையத்தில் வாதிடலாம். இரண்டாவது விடுதியின் ரசீது, ஆட்டோ செயலியில் பதிவான நேரம், திரைப்பட நுழைவுச்சீட்டு, செயலி நிறுவனத்தின் பதில் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். செயலிப் பக்கத்தை எடுத்த படங்களை (ஸ்கிரீன்ஷாட்) தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படியான சான்றிதழையும் இணைத்துவிட்டால், மின்னணுச் சான்று பற்றிய ஆட்சேபணை எழாது.

செயலி நிறுவனத்தின் பதில் கேள்வியையே மாற்றிவிடுகிறது. 'ரத்து செய்ய இயலாத முன்பதிவு' என்ற நிபந்தனை, வாடிக்கையாளர் தாமாக ரத்து செய்யும்போது பொருந்துவது. இங்கே நீங்கள் ரத்து செய்யவில்லை, விடுதிதான் சேவையை மறுத்தது. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, அந்நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் உங்கள் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். வாடிக்கையாளர் சேவைப் பிரிவு அனுப்பிய தானியங்கிப் பதிலோடு நின்றுவிடாமல், அந்த அலுவலரின் பெயரைத் தளத்தில் தேடி அவருக்கே எழுதுங்கள். தாங்கள் வெறும் இடைத்தரகர் என்றுதான் அவர்கள் வாதிடுவார்கள். பணத்தைப் பெற்றவரும் திருப்பித் தர மறுத்தவரும் அவர்களே என்பதால், விடுதியை முதல் எதிர்தரப்பினராகவும் செயலி நிறுவனத்தை இரண்டாம் எதிர்தரப்பினராகவும் சேர்க்க வேண்டும்.

புகாருக்காக நீங்கள் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி, புகார்தாரர் வசிக்கும் இடத்திலோ பணிபுரியும் இடத்திலோ உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம். உங்களுக்குத் திருச்சி ஆணையமே போதும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் கட்டணம் கிடையாது. நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் இணையவழியாகவே தாக்கல் செய்யலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. சம்பவம் நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் காலக்கெடு உண்டென்றாலும், கேமராப் பதிவுக்காகவாவது தாமதிக்காதீர்கள். இரண்டாம் இரவுக்கான 3,200 ரூபாயை வட்டியுடனும், மாற்று விடுதிக்கு அதனினும் கூடுதலாகச் செலவான 900 ரூபாயையும், நள்ளிரவில் வெளியேற்றப்பட்ட மன உளைச்சலுக்கான இழப்பீட்டையும், வழக்குச் செலவையும் கேளுங்கள். முதல் இரவு தங்கிவிட்டதால் முழு 6,400 ரூபாயையும் கேட்பது பொருந்தாது. மிகையான கோரிக்கை நியாயமான கோரிக்கையையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும். லட்சக்கணக்கில் இழப்பீடு கேட்டு மனு எழுதித் தருகிறவர்களும் இருக்கிறார்கள்; இத்தகைய வழக்கில் அது பலிக்காது.

இனி காவலர்கள் விஷயம். நள்ளிரவில் வெளியே இருப்பது குற்றமல்ல. பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணியாற்றும் கடைகளை 24 மணி நேரமும் திறந்து வைக்க அரசே அனுமதித்திருக்கும் மாநிலத்தில், இரவுக் காட்சி பார்த்துவிட்டு ஆட்டோவில் வருபவர்களைச் சந்தேகத்துக்குரியவர்களாகக் கருத இடமில்லை. ரோந்துக் காவலர் வாகனத்தை நிறுத்தலாம். எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள் என்று கேட்கலாம். பெயரையும் முகவரியையும் சொல்லி, அடையாள அட்டையைக் காட்டிவிடுவதே நல்லது. அந்த நேரத்தில் சட்டப் பிரிவுகளைச் சொல்லி வாதிடுவதால் பெரும்பாலும் தாமதம்தான் மிஞ்சும். உறவுமுறையை நிரூபிக்கச் சொல்வதற்கோ, வயது வந்த ஒரு பெண்ணின் தந்தையின் எண்ணைக் கேட்பதற்கோ அவர்களுக்குச் சட்ட அதிகாரம் இல்லை. எண்ணைக் கொடுக்காமல் இருந்தது சரியே.

பொது இடத்தில் பிறருக்குத் தொல்லை தரும் ஆபாசச் செயலுக்கு, பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 296ஆம் பிரிவும், குடித்துவிட்டு ஒழுங்கீனமாக நடந்துகொள்வோர் மீது சென்னையில் சாதாரணமாகப் போடப்படும் மாநகரக் காவல் சட்டத்தின் 75ஆம் பிரிவும் உள்ளன. ஆட்டோவில் பேசாமல் உட்கார்ந்து வந்த இருவருக்கு இவ்விரண்டும் பொருந்தா. காவலர் கைப்பேசியில் உங்களைப் படமெடுத்தது இன்னும் தவறு. குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம், 2022, கைது செய்யப்பட்டவர், தண்டனை பெற்றவர், தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவர் போன்றோரின் படங்களை எடுக்க அதிகாரம் தருகிறது, வழிப்போக்கர்களை அல்ல. அந்தரங்க உரிமை அடிப்படை உரிமை என்று 2017இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்த பிறகு, காவலரின் தனிப்பட்ட கைப்பேசியில் உங்கள் படம் இருப்பதை நியாயப்படுத்தக் காரணம் எதுவுமில்லை. படத்தை அழிக்கக் கோரி, ஆட்டோ நிறுத்தப்பட்ட இடம், நேரம், முடிந்தால் ரோந்து வாகன எண் ஆகியவற்றைக் குறிப்பிட்டு மாநகரக் காவல் ஆணையருக்கு எழுத்துமூலம் புகார் அளிக்கலாம். பயனில்லையென்றால் மாநில மனித உரிமை ஆணையத்தை அணுகலாம். அங்கு காலக்கெடு ஓராண்டு மட்டுமே. அந்த ஆணையத்தின் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது.

மேலாளர் போலீசை அழைப்பேன் என்றதைத் தனிக் குற்றமாக்க இயலாது. காவல்துறையை அழைக்க எவருக்கும் உரிமை உண்டு. உங்கள் பெற்றோரிடம் சொல்லிவிடுவதாக மிரட்டிப் பணம் கேட்டிருந்தால் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 308ஆம் பிரிவின்படி பணம் பறித்தல். அப்போது காவல் நிலையத்துக்கே போகச் சொல்லியிருப்பேன்.

திரையரங்கைப் பொறுத்தவரை, வெளி உணவைத் தடுக்க உரிமையாளருக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 3 அன்று தீர்ப்பளித்துவிட்டது. அதே தீர்ப்பின்படி உள்ளே தூய்மையான குடிநீரை இலவசமாக வைத்திருக்க வேண்டும். எனவே பாட்டிலை வாங்கி வைத்ததை மட்டும் எதிர்ப்பதில் பயனில்லை. இலவசக் குடிநீர் இருந்ததா என்பதே கேள்வி. இல்லையென்றால் அது நேர்மையற்ற வணிக நடைமுறை. விலையில், பாட்டிலில் அச்சிட்டிருந்த தொகை எது என்று பாருங்கள். 20 என்று அச்சிட்டதை 60க்கு விற்றிருந்தால், தொழிலாளர் துறையின்கீழ் இயங்கும் சட்டமுறை எடையளவு ஆய்வாளரிடம் ரசீதுடன் புகார் செய்யலாம். 60 என்றே அச்சிட்டிருந்தால், ஒரே பொருளுக்கு இரண்டு அதிகபட்ச விலை அச்சிடுவதை 2018 ஜனவரி முதல் தடை செய்யும் விதியைக் காட்டலாம். அமர்ந்து உண்ணும் உணவகங்களுக்குச் சாதகமாக 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை அவர்கள் முன்வைப்பார்கள். வரிசையில் நின்று வாங்கிப் போகும் விற்பனை முகப்புக்கு அது பொருந்தாது என்பது என் கருத்து. இந்தப் புகாரை விடுதி வழக்கோடு கலக்க வேண்டாம்.

வீட்டுக்குத் தெரியாமல் முடியுமா என்ற கேள்விக்கு முழு உறுதி தர என்னால் இயலாது. நுகர்வோர் ஆணையத்தின் உத்தரவுகள் தரப்பினரின் பெயர்களுடன் இணையத்தில் வெளியாகின்றன. உங்கள் பெயரைத் தேடுபவர் அதைப் பார்க்க முடியும். ஆகவே தைக்கு முன் வழக்கு வரை போக விருப்பமில்லையென்றால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகாரைப் பதிவு செய்யுங்கள். அங்கிருந்து நிறுவனத்துக்குப் புகார் அனுப்பப்படும்போது, இந்த அளவிலான தொகையைப் பல நிறுவனங்கள் திருப்பிக் கொடுத்துவிடுகின்றன. தீராவிட்டால் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பி, இரண்டாண்டுக் கெடுவுக்குள் திருமணத்துக்குப் பிறகும் வழக்குத் தொடுக்கலாம். வழக்கு தொடங்கிய பின்னும், இரு தரப்பும் சம்மதித்தால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 37ஆம் பிரிவின்கீழ் ஆணையமே மத்தியஸ்தத்துக்கு அனுப்பும். அங்கே பேசப்படுபவை வெளியில் வராது.

அறிவிப்பிலும் 1915 புகாரிலும் எந்த முகவரியைக் கொடுக்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். விடுதியின் மறுப்புக் கடிதம் நீங்கள் குறிப்பிடும் முகவரிக்கே விரைவுத் தபாலில் வரும். வீட்டு முகவரியைக் கொடுத்தால் உங்கள் தந்தையே கையெழுத்திட்டு வாங்கும்படி ஆகலாம். அலுவலக முகவரியையோ வழக்கறிஞரின் முகவரியையோ கொடுத்துவிடுங்கள்.