நள்ளிரவு 12 மணி எந்த நாளுக்குச் சொந்தம்?

(கோவை அருகே ஒரு பல்கலைக்கழகத்தில் பத்து வருடங்களுக்கும் மேலாக இணையவழிக் கற்றல் பிரிவைக் கவனித்துவருபவர் இந்த வாரம் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

பல்கலைக்கழகத்தில் உங்கள் வேலைதான் என்ன? கம்ப்யூட்டர் ரிப்பேரா, பாடம் நடத்துவதா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

என் அம்மாவுக்கே இன்னும் பிடிபடவில்லை, சொந்தக்காரர்கள் கேட்டால் 'காலேஜ்ல கம்ப்யூட்டர் பார்க்கிறான்' என்று முடித்துவிடுவார். பாடம் நடத்துவது பேராசிரியர்கள். அந்தப் பாடம், அசைன்மென்ட், மார்க் எல்லாம் மாணவர்களின் போனில் ஒழுங்காகத் திறக்கிறதா என்று பார்ப்பது நான். நாங்கள் வைத்திருப்பது மூடுல், 2002இல் முதல் பதிப்பு வந்த இலவச மென்பொருள். அதை உருவாக்கிய ஆஸ்திரேலியர் மார்ட்டின் டௌகியாமஸ் சின்ன வயதில் பாலைவனப் பகுதியில் ரேடியோ வழியாகப் பாடம் படித்தவராம். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அதனால்தான்.

ஆனால் என்னிடம் வரும் புகார்களில் பாதி மென்பொருளைப் பற்றியதே இல்லை, நேரத்தைப் பற்றியது. ஒரு செமஸ்டரில் ஒரு மேடம் அசைன்மென்டுக்குக் கடைசி நாள் 10ஆம் தேதி என்று வைத்துவிட்டு, மணி போடும் கட்டத்தைத் தொடவே இல்லை. அது 00:00 என்று நின்றது, அதாவது 9ஆம் தேதி ராத்திரியோடு கெடு முடிந்தது. 10ஆம் தேதி சாவகாசமாக அனுப்பிய பிள்ளைகள் அத்தனை பேருக்கும் 'தாமதம்' என்று சிவப்பில் வந்தது. மேடம் 'உங்க சாஃப்ட்வேர் சரியில்லை' என்றார், பிள்ளைகள் மேடத்தைச் சொன்னார்கள், நான் இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொருவராகத் திருத்தினேன்.

அதிலிருந்து எல்லோரிடமும் 'மாலை 5 மணி வையுங்கள், ஏதாவது கோளாறு என்றால் கூப்பிட ஆள் இருக்கும்' என்று சொல்ல ஆரம்பித்தேன். சரியான யோசனை என்றுதான் நினைத்திருந்தேன். அப்புறம் ஒரு மாணவி வந்து, வீட்டில் ஒரே போன்தான் சார், அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான் கைக்கு வரும் என்றாள். இப்போது நான் சொல்வது வேலை நாளில் காலை 10 மணி. ராத்திரி போன் கிடைப்பவர்களும் அனுப்பலாம், அனுப்ப முடியாமல் தவிப்பவர்கள் காலையில் என்னையும் பிடிக்கலாம்.

மாணவர்கள் எவ்வளவு நேரம் படித்தார்கள் என்பதை எல்.எம்.எஸ். (மூடுல் போன்ற கற்றல் மென்பொருள்) பதிவுகளில் பார்த்து இன்டர்னல் மார்க் போடலாமா?
– ஓர் உதவிப் பேராசிரியர், மதுரை

வேண்டாம் சார். இதை எங்கள் துறைத் தலைவர்களிடமே சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. காலை 9:14க்கு ஒருவர் ஒரு கோப்பைத் திறந்தார் என்று மட்டும்தான் அந்தப் பதிவு சொல்லும். திறந்துவைத்துவிட்டு தோசை சாப்பிடப் போனாரா என்று அதற்குத் தெரியாது. ஹாஸ்டலில் ஒருவன் பி.டி.எஃப்.ஐ இறக்கி வாட்ஸ்அப்பில் போட, எட்டு பேர் உட்கார்ந்து படிப்பார்கள், பதிவில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கும். மீதி ஏழு பேருக்கு மார்க்கைக் குறைப்பீர்களா?

வேறு ஒன்றுக்கு அது உதவும். முதல் மூன்று வாரமும் உள்ளே வராதவர்களின் பட்டியலை எடுத்து, திட்டாமல் போன் செய்து பாருங்கள். நான் அப்படிக் கூப்பிட்டதில் இரண்டு பேருக்கு கடவுச்சொல்லே போய்ச் சேர்ந்திருக்கவில்லை, சேர்க்கையின்போது கொடுத்த மொபைல் எண் மாறியிருந்தது.

50 நிமிட வகுப்பை அப்படியே பதிவு செய்து போட்டால் போதாதா?
– ஓய்வுபெற்ற பேராசிரியர், நாகர்கோவில்

வகுப்பைத் தவறவிட்டவர்களுக்கும், பரீட்சைக்கு முன்பு திரும்பக் கேட்பவர்களுக்கும் போதும். பதிவை மட்டுமே நம்பிப் படிப்பவர்களுக்குப் போதாது. எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தில் 69 லட்சம் முறை காணொளி பார்க்கப்பட்ட பதிவுகளை அலசி 2014இல் ஓர் ஆய்வு வந்தது, 6 நிமிடத்துக்கு மேல் போனால் பெரும்பாலானோர் முழுசாகப் பார்ப்பதில்லை என்றது. அதற்காக நிமிடக் கணக்குப் பார்த்து வெட்டாதீர்கள், ஒரு கருத்து முடிகிற இடத்தில் வெட்டுங்கள். மைக்குக்குச் செலவு செய்யுங்கள், கேமராவுக்கு வேண்டாம்.

என் மகன் என்.பி.டி.இ.எல். (ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் இணையவழிப் பாடங்கள்) தேர்வை நன்றாக எழுதினான், ஆனால் சான்றிதழ் கிடைக்கவில்லை. ஏன்?
– ஒரு வாசகர், விழுப்புரம்

வாராந்தர அசைன்மென்ட்களை விட்டிருப்பான், கேட்டுப் பாருங்கள். வழக்கமான 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மென்ட்களின் சராசரிக்கு 25 மார்க், தேர்வுக்கு 75. முதலாவதில் குறைந்தது 10, இரண்டாவதில் குறைந்தது 30, இரண்டுமே வேண்டும். தேர்வில் 70 வாங்கினாலும் அந்தப் பத்து இல்லையென்றால் சான்றிதழ் கிடையாது. பையன்கள் பலர் இதைத் தேர்வு முடிந்த பிறகுதான் படிக்கிறார்கள்.

இந்த வேலைக்கு வர என்ன படிக்க வேண்டும்?
– பி.இ. முடித்த ஒருவர், சேலம்

பட்டம் எதுவானாலும் பரவாயில்லை. மூடுலை உங்கள் லேப்டாப்பில் நிறுவி, தெரிந்த பள்ளி ஆசிரியர் ஒருவருக்கு ஒரு பாடம் போட்டுக்கொடுங்கள். அவர் எரிச்சலாகிற இடங்களையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நேர்காணலுக்கு என்னிடம் வந்தால் அந்த நோட்டைத்தான் கேட்பேன்.