டிராவல் நர்ஸ் வேலை: 13 வார ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்

கேள்வி: கோவையில் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையின் பச்சிளம் குழந்தைகள் பிரிவில் பணியாற்றிவிட்டு, கிரீன் கார்டுடன் டாலஸ் வந்தேன். இங்கே இரண்டாம் நிலை என்.ஐ.சி.யூ.வில் (பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு) ஓராண்டு, மூன்றாம் நிலையில் ஓராண்டுக்குச் சற்று மேல் ஆகிறது. என்னை வரவழைத்த நிறுவனத்துடனான ஒப்பந்தம் சில மாதங்களில் முடிகிறது. கலிபோர்னியாவில் 13 வார டிராவல் வேலை (ஏஜென்சி மூலம் வேறு ஊர் மருத்துவமனையில் தற்காலிகமாகச் செய்வது) இருக்கிறது, வாரச் சம்பளம் இப்போது வாங்குவதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு என்கிறார் ஏஜென்சிக்கு ஆள் எடுக்கும் ஒரு ரெக்ரூட்டர். கணவருக்கு டாலஸில் வேலை. நான்கு வயதில் ஒரு மகள். போகலாமா? குடும்பத்தோடு போவதா, தனியாகப் போவதா? — ஒரு வாசகி, டாலஸ்

பதில்: டிராவல் நர்ஸ் ஆகலாம். ஆனால் இன்னும் ஓராண்டு மூன்றாம் நிலைப் பிரிவிலேயே இருந்துவிட்டுப் போங்கள். முதல் ஒப்பந்தம் கலிபோர்னியாவாகவும் இருக்க வேண்டாம். ரெக்ரூட்டர் முகம் சுளிப்பார். கவலைப்படாதீர்கள், அடுத்த வாரமே வேறொரு பட்டியலோடு அழைப்பார்.

ஒரு மருத்துவமனை டிராவல் நர்ஸை அழைப்பதற்குக் காரணம் ஆள் பற்றாக்குறை. கற்றுக்கொடுக்க அங்கே யாருக்கும் பொழுதில்லை. நிரந்தரமாகச் சேரும் நர்ஸுக்கு வாரக்கணக்கில் பயிற்சி தருவார்கள். உங்களுக்கு ஒரு ஷிப்ட், மிஞ்சினால் இரண்டு. அதிலும் பாதி நேரம் கம்ப்யூட்டர் பாஸ்வேர்டுக்கும் மருந்துப் பெட்டியில் கைரேகை பதிவதற்கும் போய்விடும். அடுத்த ஷிப்டில் குழந்தைகள் உங்கள் பொறுப்பு. ஆகவே சம்பளத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: முன்பின் தெரியாத ஊரில், இரவு இரண்டு மணிக்கு, வென்டிலேட்டரில் இருக்கும், 26 வாரக் கர்ப்பத்திலேயே பிறந்துவிட்ட குழந்தையின் ஆக்சிஜன் அளவு சரியும்போது, யாரையும் கேட்காமல் என் கை வரிசைப்படி வேலை செய்யுமா? இப்போதைய பிரிவில் அது தானாக நடக்கிறது என்றால் நீங்கள் தயார். சார்ஜ் நர்ஸ் (ஷிப்டின் பொறுப்பு நர்ஸ்) எங்கே என்று கண் தேடினால் இன்னும் காலம் இருக்கிறது.

இரண்டாம் நிலைப் பிரிவில் நீங்கள் கழித்த ஓராண்டை ஏஜென்சிக்காரர்கள் சேர்த்துக் கணக்குப் பார்த்து, 'இரண்டு ஆண்டு அனுபவம்' என்று எழுதிவிடுவார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் வகைப்பாட்டில் இரண்டாம் நிலை என்பது பிறக்கும்போது 32 வாரக் கர்ப்பத்துக்கும் 1,500 கிராமுக்கும் குறையாத குழந்தைகளுக்கானது; அதற்குக் கீழே வந்தால் மூன்றாம் நிலை; சிக்கலான அறுவைச் சிகிச்சையும் எக்மோ (இதயம், நுரையீரல் வேலையைச் செய்யும் இயந்திரம்) போன்றவையும் நான்காம் நிலை. ஏஜென்சி நிரப்பச் சொல்லும் திறன் பட்டியலில் 'தனியாகச் செய்வேன்', 'உதவியோடு செய்வேன்' என்று கட்டங்கள் இருக்கும். எல்லாவற்றிலும் முதல் கட்டத்தை டிக் செய்யுங்கள், அப்போதுதான் சீக்கிரம் எடுப்பார்கள் என்று சொல்லித் தருகிற ரெக்ரூட்டர்கள் உண்டு. செய்யாதீர்கள். அந்தத் தாளை நம்பித்தான் சார்ஜ் நர்ஸ் உங்களுக்குக் குழந்தையை ஒதுக்குவார்.

நாம் 'இப்படித்தான் செய்ய வேண்டும்' என்று கற்று வைத்திருப்பதில் பாதி, நம் பிரிவின் வழக்கம் மட்டுமே. வேறு இடத்துக்குப் போனால்தான் அது தெரியும். எடையையே எடுத்துக்கொள்ளுங்கள். பிறக்கும்போது 900 கிராம் இருந்த குழந்தை ஐந்தாம் நாள் 800 கிராமாக இறங்கியிருக்கிறது. கிலோவுக்கு நாளொன்றுக்கு 140 மில்லி திரவம் கொடுக்கச் சொல்லி உத்தரவு. பிறப்பு எடையை மீண்டும் எட்டும்வரை பிறப்பு எடையிலேயே கணக்கிடும் பிரிவில் இது மணிக்கு 5.25 மில்லி. அன்றன்றைய எடையில் கணக்கிடும் பிரிவில் 4.67 மில்லி. இரண்டு வழக்கமும் நாட்டில் இருக்கின்றன. பம்பில் எண்ணை அடிக்கும் முன் 'இங்கே எந்த எடை?' என்று வாய்விட்டுக் கேட்க வேண்டியது புதிதாக வந்தவரின் வேலை.

ஆக்சிஜன் அலாரத்தின் மேல் வரம்பு, கீழ் வரம்பு, இன்குபேட்டரின் ஈரப்பதத்தை எந்த நாளில் எவ்வளவு குறைப்பது, தொப்புள் வழியே ரத்தக் குழாயில் செலுத்திய குழாய் இருக்கும்போது தாயின் மார்பில் குழந்தையைக் கிடத்தலாமா, மூளையில் ரத்தக் கசிவைத் தவிர்க்க முதல் 72 மணி நேரம் தலையை நடுவில் வைத்திருக்கும் விதி எத்தனை வாரக் குழந்தைகள்வரை என்று எதை எடுத்தாலும் பிரிவுக்குப் பிரிவு மாறும். முதல் நாளே இவற்றை ஒரு சிறு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கூடவே ஒவ்வொரு ஷிப்டின் தொடக்கத்திலும் படுக்கையருகே மூச்சுக் கொடுக்கும் முகமூடியின் அளவு சரியா, உறிஞ்சுகுழாய் வேலை செய்கிறதா, வென்டிலேட்டர் குழாய் உதட்டருகே எத்தனை சென்டிமீட்டரில் நிற்கிறது, எடைக்கேற்ற அவசர மருந்துத் தாள் எங்கே தொங்குகிறது என்று பார்த்துவிட்டுத்தான் முந்தைய நர்ஸை வீட்டுக்கு விட வேண்டும். அவர் கோட்டைக் கையில் எடுத்துவிட்டார் என்பதற்காக அவசரப்படாதீர்கள்.

2006-இல் இண்டியானாபோலிஸில் என்.ஐ.சி.யூ. குழந்தைகளுக்கு மில்லிக்கு 10 யூனிட் ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) போக வேண்டிய இடத்தில் 10,000 யூனிட் குப்பி போய், மூன்று குழந்தைகள் இறந்தன. குப்பிகள் தவறான இழுப்பறையில் நிரப்பப்பட்டிருந்தன; பழகிய கைகள் லேபிளைப் படிக்காமல் எடுத்தன. அவர்கள் அனைவரும் அந்த மருத்துவமனைக்குப் பழக்கப்பட்டவர்கள். உங்களுக்கோ இழுப்பறையே புதிது. அது ஒரு வகையில் நல்லதுதான், படித்துவிட்டுத்தான் எடுப்பீர்கள்.

இனி வேலையின் சுவை. குட்டிக் குழந்தைகளைப் பார்க்கும் ஆசையோடு போகிறவர்கள் ஏமாறுவதுண்டு. பல இடங்களில் 28 வாரத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்கு நிரந்தர நர்ஸ்களைக் கொண்ட தனிக் குழு இருக்கிறது. பிரசவ அறைக்கு ஓடுவதும் அவர்களே. டிராவல் நர்ஸுக்குப் பெரும்பாலும் பால் குடிக்கப் பழகி எடை ஏறிக்கொண்டிருக்கும் குழந்தைகள் இரண்டோ மூன்றோ. கேவலமான வேலையல்ல, ஆனால் கைத்திறன் துருப்பிடிக்கும். இன்னொரு பக்கம், ஆள் குறைவான பிரிவுகளில் யாரும் பார்க்க விரும்பாத குழந்தைகளைச் சேர்த்து உங்கள் தலையில் கட்டுவார்கள். 24 வாரத்தில் பிறந்த குழந்தை பொதுவாகத் தன் பிரசவத் தேதியை ஒட்டித்தான் வீடு திரும்பும்; அதாவது சுமார் 16 வாரம். உங்கள் ஒப்பந்தமோ 13 வாரம். ஒரே குழந்தையைத் தொடர்ந்து பார்த்து, அதன் பெற்றோரோடு பழகுவதில்தான் உங்களுக்கு மனநிறைவு என்றால் இந்த வாழ்க்கை ஒத்துவராமல் போகலாம்.

சம்பளத்துக்கு வருகிறேன். ரெக்ரூட்டர் சொல்வது மொத்தத் தொகை. அதைப் பிரித்துக் கேளுங்கள். புரிவதற்காக நானே எண்களைப் போடுகிறேன்: வாரம் 36 மணி நேரம், வரிக்குரிய மணிச் சம்பளம் 25 டாலர், ஆக 900, தங்கும் செலவுக்கும் உணவுக்குமான படி வரியில்லாமல் 1,300, மொத்தம் 2,200. மணிக்கு 61 டாலர் போலத் தெரியும். ஆனால் கூடுதல் நேர ஊதியத்தை 25-இன் ஒன்றரை மடங்காக, அதாவது 37.50 ஆகக் கணக்கிட்டிருந்தால், களைத்துப்போய்ச் செய்கிற 41-ஆம் மணி நேரத்துக்கு முதல் மணி நேரத்தைவிடக் குறைவாக வாங்குவீர்கள். 'கூடுதல் ஷிப்டுக்கு மணிக்கு எவ்வளவு?' என்பதை எழுத்தில் வாங்குங்கள். வரிக்குரிய சம்பளம் குறைவாக இருந்தால் நாளை வீட்டுக் கடன் கேட்கும்போதும் சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதிய) கணக்கிலும் அது பிரதிபலிக்கும். கலிபோர்னியாவில் ஈட்டும் சம்பளத்துக்கு அந்த மாநில வருமான வரி உண்டு. டெக்சஸில் அப்படியொன்று இல்லை. அங்கே வாடகை என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் படிக்கு வரி இல்லை என்பதும் எல்லோருக்கும் பொருந்தாது. உங்களுக்கு வேறிடத்தில் உண்மையான நிலையான வீடு இருந்து, அதற்கும் செலவு செய்துகொண்டு, தற்காலிகமாக இன்னோர் ஊரில் தங்கினால்தான் வரிவிலக்கு. டாலஸ் வீட்டைக் காலிசெய்துவிட்டுக் குடும்பத்தோடு ஊர் ஊராகப் போனால், வரித்துறைப் பார்வையில் நீங்கள் நிலையான வீடில்லாதவர். 1,300 டாலருக்கும் வரி உண்டு. உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பாதி விடை இதிலேயே இருக்கிறது. கணவரும் மகளும் டாலஸில் இருக்கட்டும், வாடகை ஓடட்டும். 'ஐம்பது மைல் தாண்டினால் போதும்' என்று ஏஜென்சிகள் சொல்வது வரிச் சட்டத்தில் இல்லாத விதி. ஒரே ஊரில் ஓராண்டுக்கு மேல் தொடரும் என்று தெரிந்துவிட்டாலும் அது தற்காலிக வேலை ஆகாது. டிராவல் நர்ஸ்களின் கணக்குகளைப் பார்த்துப் பழகிய வரி ஆலோசகரிடம் ஒருமுறை பணம் கொடுத்துப் பேசுவது வீண்செலவாகாது.

உரிமத்தில் வெளிநாட்டில் படித்தவர்களுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. டெக்சஸ், சுமார் 40 மாநிலங்கள் சேர்ந்துள்ள நர்ஸ் உரிம உடன்பாட்டில் இருக்கிறது. பல மாநில உரிமம் கையில் இருந்தால் அவற்றில் எங்கும் வேலை செய்யலாம். ஆனால் நீங்கள் இந்தியாவில் இருந்தபடியே தேர்வெழுதி, சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாமல் உரிமம் பெற்றிருந்தால் அது ஒரு மாநில உரிமமாகவே இருக்க வாய்ப்பு அதிகம். நர்ஸ் உரிமங்களைச் சரிபார்க்கும் நர்சிஸ் (Nursys) இணையதளத்தில் உங்கள் பெயரைத் தேடினால் எது என்று தெரிந்துவிடும். ஒரு மாநிலம் என்றிருந்தால், டெக்சஸை நிரந்தர வசிப்பிடமாக அறிவித்து மாற்ற விண்ணப்பியுங்கள்.

கலிபோர்னியா இந்த உடன்பாட்டில் இல்லை. நியூயார்க்கும் ஒரேகனும் கூட இல்லை. கலிபோர்னியா நர்சிங் வாரியம் நம் ஊர்க் கல்லூரியிலிருந்து பாடவாரியான விவரம் கேட்கும். ஒவ்வொரு துறையிலும் வகுப்புப் பாடமும் மருத்துவமனைப் பயிற்சியும் ஒரே காலத்தில் நடந்ததா என்று பார்க்கும். இதில் மாட்டி, படித்ததையே மறுபடி படிக்க நேர்ந்தவர்கள் உண்டு. கலிபோர்னியாவின் மேல் ஆசை இருந்தால் இன்றே உரிமத்துக்கு விண்ணப்பித்துவிட்டு, வேலையைப் பிறகு தேடுங்கள். ஒன்றுக்காகவே அந்த மாநிலத்தை மெச்சலாம்: தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நர்ஸுக்கு இரண்டு குழந்தைகளுக்கு மேல் கூடாது என்பதை அங்கே சட்டமாகவே வைத்திருக்கிறார்கள்.

உங்களுக்கு நான் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால், முதல் ஒப்பந்தம் ஓக்லஹோமா சிட்டியாக இருக்கும். டாலஸிலிருந்து காரில் மூன்று மணி நேரம், அந்த மாநிலமும் உடன்பாட்டில் இருக்கிறது. மூன்று 12 மணி நேர ஷிப்டுகளையும் அடுத்தடுத்த நாட்களில் போட்டுத் தருவார்களா என்று நேர்காணலிலேயே கேளுங்கள். கிடைத்தால் வாரத்தில் பாதி நாள் மகளோடு இருக்கலாம். வார்டு மேலாளர் 'பார்க்கலாம்' என்று சொன்னால் அதற்கு மதிப்பில்லை. ஒப்பந்தத்தில் ஏற வேண்டும். மகளின் பள்ளி நிகழ்ச்சிக்கு வேண்டிய விடுப்புத் தேதியும் அப்படியே.

ஒப்பந்தத்தில் நான் முதலில் தேடும் வரி, உறுதி செய்யப்பட்ட மணி நேரம். என்.ஐ.சி.யூ.வில் இந்த வாரம் நிரம்பி வழியும், அடுத்த வாரம் பாதிக் கட்டில் காலி. குழந்தைகள் குறைந்தால் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுவது டிராவல் நர்ஸ்தான். எத்தனை ஷிப்ட் வரை ரத்து செய்யலாம், அப்போது படியும் வெட்டப்படுமா என்று பாருங்கள். அடுத்தது, வேறு பிரிவுக்கு அனுப்புவது பற்றிய வரி. பிரசவத்துக்குப் பிந்தைய வார்டு, ஆரோக்கியமான குழந்தைகள் பிரிவு என்றால் சரி. பெரிய குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் உங்களுக்குப் பழக்கமில்லை என்றால் அதைப் பெயர் சொல்லி விலக்கச் சொல்லுங்கள். மருத்துவமனை பாதியில் ஒப்பந்தத்தை முறித்தால் வாடகை யார் தலையில் என்பதும் முக்கியம். மாதாமாதம் காலிசெய்யக்கூடிய வீட்டை மட்டும் எடுங்கள். மருத்துவக் காப்பீட்டை ஏஜென்சியிடம் வாங்க வேண்டாம். இரண்டு ஒப்பந்தங்களுக்கு இடையில் அது நின்றுவிடலாம். இப்போதைய காப்பீடு முடிந்த 30 நாட்களுக்குள் கணவரின் அலுவலகக் காப்பீட்டில் சேர்ந்துகொள்ளுங்கள்.

உங்களை வரவழைத்த நிறுவனத்தின் ஒப்பந்தத்தை ஒரு ஷிப்ட் பாக்கியில்லாமல் முடித்துவிட்டு, முடிந்ததற்கான கடிதத்தையும் வாங்கிவிடுங்கள். குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் நாளில் அது கையில் இருப்பது நல்லது. குடியுரிமை பெறும்வரை, முகவரி மாறினால் 10 நாட்களுக்குள் குடியேற்றத் துறைக்குத் தெரிவிப்பதும் சட்டப்படி உங்கள் கடமை. 13 வாரத் தங்கல் உங்கள் விஷயத்தில் முகவரி மாற்றமாகுமா என்று குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கையில் இருக்கும் இந்த ஓராண்டில் ஆர்.என்.சி. நியோனேட்டல் (பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சை நர்ஸ்) சான்றிதழ் தேர்வை எழுதிவிடுங்கள். அதற்கு 24 மாத அனுபவமும் 2,000 மணி நேரமும் வேண்டும், உங்களிடம் இரண்டும் சேர்ந்துவிடும். பச்சிளம் குழந்தை உயிர்ப்பிப்புப் பயிற்சிச் சான்று இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை காலாவதியாகும். 13 வாரத்தின் நடுவில் அது முடிகிறபடி விட்டுவிட்டால், முடிந்த நாளிலிருந்து ஷிப்ட் தர மாட்டார்கள். தடுப்பூசிப் பதிவுகள், காசநோய்ப் பரிசோதனை முடிவு, முகக்கவசப் பொருத்தச் சோதனை, அம்மை தடுப்பாற்றலுக்கான ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரே கோப்பில் வையுங்கள். ஒவ்வொரு ஏஜென்சியும் இதையே முதலிலிருந்து கேட்கும், அதுவும் வெள்ளிக்கிழமை மாலையில், திங்கட்கிழமை காலைக்குள் வேண்டும் என்று.