ஏழாவது குலை

போன இதழில், மரம் ஏற ஆள் கிடைக்காத கஷ்டத்தை இரண்டு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் முக்கால்வாசி மரத்தை விட்டுவிட்டு இளநீரைப் பிடித்துக்கொண்டன. சித்திரை வெயில் அப்படி. சரி, இந்த இதழ் முழுக்க இளநீர்தான். ஆனைமலைப் பக்கம் மூன்று ஏக்கர், 200 மரம், அதற்குள்ளேயே வீடு என்று 31 வருஷம் இருந்துவிட்ட தைரியத்தில் பதில் சொல்கிறேன். எனக்கு வைத்தியம் தெரியாது, ருசி தெரியும்.

எங்கள் தெருவில் மூன்று தள்ளுவண்டி. மூன்றிலும் ‘பொள்ளாச்சி இளநீர்’ என்றுதான் எழுதியிருக்கிறது. எல்லாமே உங்கள் ஊர்க் காய்தானா? அப்படி என்ன விசேஷம் அதில்?
– ஒரு வாசகர், தாம்பரம்

போர்டுக்கு நான் பொறுப்பில்லைங்க. கர்நாடகத்து மத்தூர்க் காயும் லாரி ஏறுகிறது, தேனிக் காயும் ஏறுகிறது. தள்ளுவண்டிக்கு வந்ததும் எல்லாவற்றுக்கும் ஒரே ஊர்ப் பெயர். கோபப்பட மாட்டேன், எங்கள் ஊர்ப் பெயருக்கு மரியாதைதானே.

விசேஷம் என்றால், பாதி மண்ணும் தண்ணீரும். ஆழியாற்றுப் பாசனம், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஈரக்காற்று, இரண்டும் தென்னைக்குத் தோது. மீதிப் பாதி, இங்கே இளநீருக்கென்றே மரம் வைக்கிறோம். தேங்காய்க்கு நெட்டை. இளநீருக்குக் குட்டையும், நெட்டையும் குட்டையும் சேர்ந்த ஒட்டு ரகமும். சௌகாட் ஆரஞ்சு என்று ஒரு குட்டை உண்டு. சாவக்காடு என்ற கேரளத்து ஊர் வெள்ளைக்காரர் வாயில் சௌகாட் ஆகிப்போனது. காசர்கோடு ஆராய்ச்சி நிலையம் இளநீருக்கென்று சிபாரிசு செய்த ரகம் அது. என்னிடம் நாலு மரம் இருக்கிறது. காய் சின்னது, வியாபாரி முகம் சுளிப்பார். வீட்டுக்கு ஒரம்பரை வந்தால் நான் வெட்டச் சொல்வது அந்த நாலில்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரே ரகம், ஒரே வயசு என்றாலும் என் கிணற்றடி மரத்துக் காயும் மேட்டோரக் கடைசி வரிசைக் காயும் ஒன்றல்ல. கிணற்றடிக் காய் குண்டாக இருக்கும், சொம்பு நிறையும், குடித்தால் கொஞ்சம் சப்பென்று இருக்கும். மேட்டுக் காயில் தண்ணீர் குறைவு, ஆனால் முழுங்கின பிறகும் நாக்கின் ஓரத்தில் ஒரு தித்திப்பு நிற்கும். உங்கள் வண்டிக்காரரிடம் எந்த ஊர் என்று கேட்பதை விட, காய் வந்து எத்தனை நாள் ஆச்சு என்று கேளுங்கள்.

நல்ல காயை எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லோரும் தட்டிப் பார்க்கிறார்களே என்று நானும் தட்டுகிறேன். ஒன்றும் புரியவில்லை.
– ஒரு வாசகி, மதுரை

தட்டுகிற பாதிப் பேருக்கும் ஒன்றும் புரியாது அம்மிணி, ஒரு கெத்துக்குத் தட்டுகிறார்கள். காதோரம் வைத்து ஒரு குலுக்குக் குலுக்குங்கள். சலசலவென்று கேட்டால் முற்ற ஆரம்பித்துவிட்டது. இளங்காயில் தண்ணீர் முட்டி நிற்கும், அலம்புவதற்கு உள்ளே இடமே இருக்காது. அப்புறம் காம்புப் பக்கம் இருக்கிற கொண்டையைச் சுற்றிப் பாருங்கள். அங்கே தோல் வெளிறி, பால் நிறமாக இருந்தால் இளசு.

கடையில் இதற்கு மேல் பார்க்க முடியாது. தோப்புக்கு வந்தால் கணக்கே வேறு. தென்னை ஏறக்குறைய மாசத்துக்கு ஒரு பாளை விடும். அதனால் மரத்தின் தலையில் எப்போதும் ஒரு வருஷத்துக் காலண்டர் தொங்கிக்கொண்டிருக்கும். மேலே புதுசாக வெடித்த பாளையை ஒன்று என்று வைத்துக் கீழே எண்ணிக்கொண்டே வர வேண்டும். நாலாவது, ஐந்தாவது குலையில் தண்ணீர் இருக்கும், ஆனால் துவர்க்கும், லேசாக உப்புக் கரிக்கும். ஆறிலிருந்து ஏழுக்குள் தண்ணீரும் நிறைந்திருக்கும், இனிப்பும் உச்சத்தில் இருக்கும். ஓட்டின் உள்பக்கம் வழுக்கை அப்போதுதான் படியத் தொடங்கியிருக்கும். எட்டு, ஒன்பது என்று போகப் போக வழுக்கை தடித்துப் பருப்பாகும், தண்ணீர் குறையும், தித்திப்பும் இறங்கும். பன்னிரண்டில் அது சட்னிக்கு.

எங்கள் மரமேறி கீழே நின்றே கண்ணால் எண்ணிவிடுவார். எனக்கு இன்னும் விரல் வேண்டும்.

வண்டிக்காரர் “தண்ணியா, வழுக்கையா?” என்று கேட்பது இந்த மாசக் கணக்கைத்தான். இரண்டும் வேண்டும் என்றால் “லேசா வழுக்கை” என்று சொல்லுங்கள். முட்டை வெள்ளைக்கரு போல நடுங்குகிற வழுக்கை. அதே காயின் மட்டையில் ஒரு சீவல் எடுத்துக் கரண்டியாகக் கொடுப்பார் பாருங்கள், அதால்தான் சுரண்டித் தின்ன வேண்டும். ஸ்பூன் கேட்காதீர்கள்.

ஸ்ட்ரா போட்டுக் குடிப்பது நல்லதா, அப்படியே வாய் வைத்துக் குடிப்பதா?
– ஒரு கல்லூரி மாணவர், சேலம்

வாய். சட்டை நனையும். நனையட்டும்.

இளநீர் நாள் முழுக்க வெயிலில்தானே தொங்குகிறது? உள்ளே மட்டும் எப்படி ஜில்லென்று இருக்கிறது?
– ஆறாம் வகுப்பு மாணவி, கரூர்

நல்லாக் கேட்டே கண்ணு. ஓட்டுக்கு வெளியே இரண்டு மூன்று விரல்கடைக்கு மட்டை இருக்கிறதே, பச்சையாக இருக்கும்போது அது ஈரப் பஞ்சு மாதிரி. வெளியே இருக்கிற சூடு அதைத் தாண்டி உள்ளே போக ரொம்ப நேரம் எடுக்கும். ராத்திரிக் குளிர்ச்சியும் அதே மாதிரி உள்ளே மாட்டிக்கொள்ளும். அதனால்தான் விடியக்காலம் ஆறு மணிக்கு வெட்டிய காய் ஐஸ் வைத்த மாதிரி இருக்கும். மத்தியானம் மூன்று மணிக்கு அதே மரத்தில் வெட்டிப் பார், ஜில்லென்று இருக்காது, சும்மா சூடில்லாமல் இருக்கும். உங்கள் ஊர்ப் பக்கம் காவிரிக் கரையில் தோப்பு இருக்கும், அப்பாவிடம் சொல்லி ஒரு நாள் விடியலில் போய்ப் பார்.

காலையில் வெட்டி, பாட்டிலில் ஊற்றி ஆபீஸுக்கு எடுத்துப் போனால் மதியத்துக்குள் ஒரு மாதிரி ஆகிவிடுகிறது. சில நாள் நிறமும் மாறுகிறது. காய் கெட்டதா?
– ஒரு வாசகி, கோவை

காய் கெடவில்லை, நீங்கள் ஊற்றியதுதான் தப்பு. காய்க்குள் இருக்கும்வரை அதில் காற்றும் கிடையாது, கிருமியும் கிடையாது. திறந்ததும் இரண்டும் நுழைகிறது. காற்றுப் பட்டால் தண்ணீரில் இருக்கிற சில பொருள்கள் நிறம் மாறி லேசான ரோஜாப்பூ நிறம் வரும், வெட்டின ஆப்பிள் பழுப்பாகிற மாதிரி. சர்க்கரை இருக்கிறதால் புளிப்பும் சீக்கிரம் ஏறும். நிறம் மாறியது மட்டும் என்றால் பயமில்லை. புளித்திருந்தால் கொட்டிவிடுங்கள்.

இந்தப் பாடத்தை நான் கற்றது என் மாமியாரிடம். கல்யாணமாகி இரண்டாம் வருஷம், அவர் உங்கள் ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். நர்ஸ் இளநீர் கொடுக்கலாம் என்று சொல்லவும், நான் கெட்டிக்காரத்தனமாக விடியலில் நாலு காய் வெட்டி, வழுக்கையையும் சுரண்டிப் போட்டு, தூக்குப்போசி நிறைய ஊற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். நாலு காயை எதற்குச் சுமப்பது என்ற எண்ணம். ஜன்னலோர சீட், மடியில் போசி, பங்குனி வெயில். கிணத்துக்கடவு தாண்டும்போதே மூடி ஓரத்தில் நுரை. பத்தரை மணிக்கு டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு மடக்குக் குடித்தார், என்னை மேலும் கீழும் பார்த்தார், “ஏஞ் சாமி, கள்ளு எறக்கற மரத்துல வெட்டுனியா?” என்றார். பக்கத்துப் படுக்கைக்காரம்மா சிரித்த சிரிப்பில் தையல் பிரிந்திருக்கும்.

முழுக்காயாகவே எடுத்துப் போங்கள். மட்டையோடு நிழலில் வைத்தால் நாலைந்து நாள் தாங்கும், ஆனால் நாளுக்கு நாள் ருசி இறங்கும். பாக்கெட்டில், டின்னில் வருகிறதைப் பற்றியும் இன்னும் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். மகள் வீட்டில் ஒரு தடவை குடித்தேன். கெடாமல் இருக்க அதைச் சூடுபடுத்துகிறார்கள், அந்த வேகின வாசனை எனக்கு ஒத்துவரவில்லை. இளநீரில் வாசனை என்று ஒன்று இருக்கிறதே, பச்சை நெல்லும் மழைத்தண்ணியும் கலந்த மாதிரி, முதலில் ஓடிப்போவது அதுதான்.

தோப்பில் சல்லிசாக வாங்கி எங்களிடம் 70 ரூபாய்க்கு விற்கிறார்களே, நியாயமா?
– ஒரு வாசகர், வேளச்சேரி

எனக்கு வருகிற விலையைச் சொன்னால் உங்களுக்குக் கோபம் இன்னும் ஏறும், அதனால் சொல்லவில்லை. ஆனால் நடுவில் ஏறுகூலி, சுமைகூலி, லாரி வாடகை, கமிஷன், அடிபட்டு வீணாகிறது, கடைசியில் வெயிலில் நின்று கொடுவாள் பிடிக்கிறவரின் கூலி எல்லாம் இருக்கிறது. அந்தக் கடைசி ஆளிடம் மட்டும் பேரம் பேசாதீர்கள்.

காயும் முன்னே மாதிரி இல்லை. சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதலில் தலைகாட்டியது 2016-ல் எங்கள் பொள்ளாச்சி, பாலக்காட்டுப் பக்கம்தான். ஓலையின் அடியில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும், கீழ் ஓலையெல்லாம் கரிபூசினாற்போல் ஆகிவிடும். அது போதாதென்று கேரள வாடல் நோய். என் கிழக்கு வரிசையில் பதினெட்டு மரம் வெட்டி எடுத்தாயிற்று. வெட்டின இடத்தைப் பார்க்காமல் இருக்க அந்தப் பக்கத்து ஜன்னலை மூடியே வைத்திருக்கிறேன்.

சர்க்கரை உள்ளவர்கள், கிட்னி பிரச்சினை உள்ளவர்கள் குடிக்கலாமா? பேதிக்குக் கொடுக்கலாமா?
– நாலு ஊர்களிலிருந்து

டாக்டரைக் கேளுங்கள். எனக்குத் தெரிந்த அளவு: இளநீரில் பொட்டாசியம் அதிகம், கிட்னி சரியில்லாதவர்களுக்கு அது ஆபத்தாகலாம், கேட்காமல் குடிக்கவே கூடாது. சர்க்கரையும் இருக்கிறது. பேதியில் உடம்பிலிருந்து உப்பு போகிறது, இளநீரில் சோடியம் குறைவு, அதனால் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுக்கு அது ஈடாகாது.

எங்கள் ஊர்ச் செவ்விளநீர் குடித்திருக்கிறீர்களா? அதற்கு முன்னால் மற்றதெல்லாம் நிற்காது.
– ஒரு வாசகி, மட்டக்களப்பு

சிங்களத்தில் தெம்பிலி என்கிறார்களே, அதுதானே? எங்கள் சௌகாட் ஆரஞ்சுக்கும் அதற்கும் நிறம்தான் ஒன்று, மரம் வேறு. நான் குடித்ததில்லை. சண்டைக்கு வரவும் மாட்டேன். ஒரு குலையோடு வாருங்கள், நானும் ஏழாவது குலையிலிருந்து இறக்கி வைக்கிறேன், திண்ணையில் உட்கார்ந்து தீர்த்துக்கொள்ளலாம்.

தேங்காயைத் தொப்புத் தொப்பென்று தள்ளிவிடுகிறார்கள். இளநீர்க் குலையை மட்டும் ஏன் கயிறு கட்டிப் பக்குவமாக இறக்குகிறார்கள்?
– ஒரு வாசகர், திருவாரூர்

இளங்காயின் ஓடு இன்னும் இறுகியிருக்காது. முப்பது அடியிலிருந்து விழுந்தால் மட்டைக்கு ஒன்றும் ஆகாது, உள்ளே ஓடு கீறிவிடும். வெளியே பார்த்தால் தெரியாது. லாரியில் போகப் போக ஒழுகி, கடையில் வெட்டும்போது உள்ளே ஒன்றும் இருக்காது.

ஒரு தடவை வழக்கமான ஆள் வராமல் புது ஆள் ஒருவர் ஏறினார். கயிற்றைக் குலைக்குச் சுற்றினார், ஆனால் மறுமுனையை ஓலை மட்டையில் போட மறந்துவிட்டார். கொடுவாள் விழுந்ததும் குலை நேராகத் தரைக்கு வந்தது, பதினாலு காய். வியாபாரி ஒவ்வொன்றாகக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, “இது நம்மளுக்கு ஆகாதுங்க்கா” என்று ஒதுக்கி வைத்துவிட்டார். ஒழுகுவதற்குள் குடித்தாக வேண்டும். நான், என் மகள், புது ஆள், தோட்டத்தில் வேலை செய்த இரண்டு பேர், ஐந்து பேரும் மரத்தடியில் உட்கார்ந்து பதினாலையும் முடித்தோம். அன்றைக்கு ராத்திரி வீட்டில் வாசல் கதவுக்குத் தாழ்ப்பாளே போடவில்லை.