ஷூட்அவுட்டுக்கு முன் கோல்கீப்பரை மாற்றலாமா?

கேள்வி: கூடுதல் நேரம் முடிந்ததும், பெனால்டி தடுப்பதில் கெட்டிக்காரரான இரண்டாவது கோல்கீப்பரை இறக்கக் கேட்டோம். நடுவர் மறுத்துவிட்டார். எங்களுக்கு ஒரு சப்ஸ்டிட்யூஷன் பாக்கி இருந்தது. நடுவர் செய்தது சரியா?

பதில்: சரிதான். கடைசி விசில் ஒலிக்கும்போது மைதானத்தில் இருந்தவர்களும், சிகிச்சை போன்ற காரணத்துக்காகத் தற்காலிகமாக வெளியே நின்றவர்களும் மட்டுமே ஷூட்அவுட்டில் (சமனில் முடிந்த ஆட்டத்தின் வெற்றியாளரைத் தீர்மானிக்கும் பெனால்டி உதைகளில்) பங்கேற்கலாம் என்கிறது கால்பந்து விதி 10. பாக்கியுள்ள சப்ஸ்டிட்யூஷனை அந்த விசிலுக்கு முன்பே பயன்படுத்தியிருக்க வேண்டும்.

இங்கேதான் பல அணிகள் கோட்டை விடுகின்றன. ஆட்டம் நின்றிருக்கும்போதுதான் ஆளை மாற்ற முடியும். ஆள் மாற்றங்களைக் கவனிக்கும் நான்காவது நடுவரிடம், கூடுதல் நேரம் முடிய ஒரு நிமிடம் இருக்கும் 119-வது நிமிடத்தில் சொல்லிவிட்டுக் காத்திருக்கும்போது பந்து வெளியே போகாமலே விசில் ஊதிவிட்டால், மாற்று கீப்பர் கோட்டோரமே நிற்க வேண்டியதுதான். அதனால் 115-வது நிமிடத்திலேயே அவர் உடலைச் சூடாக்கி, க்ளவுஸ் மாட்டித் தயாராக இருக்கட்டும். தடுப்பாட்டக்காரர் ஒருவரிடம் பந்தைப் பக்கக்கோட்டுக்கு வெளியே அடிக்கச் சொல்லிவையுங்கள். வெளியேறுபவர், நுழைபவர் எண்களைக் காட்டும் பலகையைத் தூக்கியதும் மாற்றம் முடிந்துவிடாது. பழையவர் வெளியேறி, நடுவர் சைகை கொடுத்து, புதியவர் நடுக்கோட்டருகே உள்ளே நுழைந்த பிறகே அது செல்லும்.

2014 உலகக் கோப்பை காலிறுதியில் நெதர்லாந்தின் பயிற்சியாளர் வான் கால் இதைத்தான் கச்சிதமாகச் செய்தார். கோஸ்டா ரிகாவுக்கு எதிராக மூன்றாவது சப்ஸ்டிட்யூஷனைக் கடைசிவரை கையில் வைத்திருந்து, கூடுதல் நேரத்தின் இறுதி நொடிகளில் கீப்பர் சிலெசனை எடுத்துவிட்டு மாற்று கீப்பர் டிம் க்ரூலை இறக்கினார். க்ரூல் இரண்டு பெனால்டிகளைத் தடுக்க, நெதர்லாந்து 4-3 என வென்றது. நான்கே நாளில் அர்ஜென்டினாவுடன் அரையிறுதி, அதுவும் ஷூட்அவுட்டுக்குப் போனது. மூன்று மாற்றங்களும் அதற்குள் தீர்ந்திருந்ததால் சிலெசனே நின்றார். அர்ஜென்டினா அடித்த நான்கும் கோல். இன்று ஐந்து மாற்றங்கள் உண்டு, பல போட்டிகளில் கூடுதல் நேரத்துக்கு இன்னொன்றும் தருகிறார்கள். ஆனாலும் ஒன்றை ஒதுக்கி வைக்கும் ஒழுங்கு இல்லாத அணிக்கு ஆறும் போதாது.

வெளியே வரப்போகும் கீப்பரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். 2019 இங்கிலாந்து லீக் கோப்பை இறுதியில் செல்சி அணிக்கான பலகையில் கீப்பர் கெபாவின் எண் மின்னியது, மாற்று கீப்பர் கபயேரோ கோட்டோரம் தயாராக நின்றார், கெபா விரலை ஆட்டி வர மறுத்துவிட்டார். வெளியேற மறுப்பவரை நடுவர் இழுத்துவர முடியாது, ஆட்டம் தொடரும் என்பதே விதி. அன்று ஷூட்அவுட்டில் மான்செஸ்டர் சிட்டி வென்றது.

கேள்வி: ஷூட்அவுட் நடக்கும்போதே கீப்பருக்கு அடிபட்டால்? சிவப்பு அட்டை வாங்கினால்?

பதில்: இரண்டுக்கும் வெவ்வேறு விதி. காயத்தால் தொடர முடியாத கீப்பருக்குப் பதிலாக, சப்ஸ்டிட்யூஷன் பாக்கியிருந்தால், பட்டியலில் உள்ள மாற்று ஆட்டக்காரர் வரலாம். எதிரணியில் ஆள் குறைவாக இருந்ததால் எண்ணிக்கையைச் சமப்படுத்த ஒதுக்கிவைத்த ஆட்டக்காரர் இருந்தால் அவரும் வரலாம். வெளியேறியவர் அதன்பின் திரும்ப முடியாது, உதையும் எடுக்க முடியாது. அவர் ஏற்கெனவே தன் உதையை எடுத்திருந்தால், புதிதாக வந்தவர் அடுத்த சுற்றில்தான் உதைக்கலாம். இந்தச் சலுகை கீப்பருக்கு மட்டுமே. வேறு ஆட்டக்காரர் நொண்டினால் மாற்று கிடையாது.

சிவப்பு அட்டை என்றால் பெஞ்சிலிருந்து யாரும் வர முடியாது. ஷூட்அவுட்டுக்குத் தகுதியான ஒருவர்தான் க்ளவுஸ் மாட்ட வேண்டும். ஆட்டத்தின்போது வாங்கிய மஞ்சள் அட்டை ஷூட்அவுட்டுக்குள் தொடராது என்பதையும் கவனியுங்கள். 2024-இல் பிரான்ஸின் லீல் அணிக்கு எதிராக இங்கிலாந்தின் ஆஸ்டன் வில்லா கீப்பர் எமிலியானோ மார்ட்டினெஸ், ஆட்டத்தில் ஒன்றும் ஷூட்அவுட்டில் இன்னொன்றுமாக இரண்டு மஞ்சள் வாங்கியும் களத்தில் நீடித்தது அதனால்தான்.

கேள்வி: சப்ஸ்டிட்யூஷன் தீர்ந்துவிட்டது. உள்ளே இருக்கும் உயரமான ஸ்ட்ரைக்கரைக் கோலில் நிறுத்தலாமா?

பதில்: தாராளமாக. தகுதியுள்ள எந்த ஆட்டக்காரரும் எந்தச் சுற்றிலும் கீப்பருடன் இடம் மாறலாம், மறுபடி மாறியும் கொள்ளலாம். நடுவரிடம் சொல்லிவிட்டு மாறுங்கள். இரு அணியினர், நடுவர்கள் எல்லாரிடமிருந்தும் வேறுபட்டுத் தெரியும் நிறத்தில், ஸ்ட்ரைக்கரின் அளவுக்கு ஒரு ஜெர்ஸி பையில் இருக்கட்டும்.