பாஸ்வேர்டு சரி, டிவி ஏன் உள்ளே விடவில்லை?

வீட்டு ஜெல்லிஃபின் சர்வர் (நம்மிடம் உள்ள படங்களை டிவிக்கும் போனுக்கும் அனுப்பும் மென்பொருள்) பற்றி வாசகர்கள் கேட்டவை

கே: பையனின் கணக்கை மாலை 6 முதல் 8 வரை மட்டும் திறக்கும்படி வைத்தோம். பாஸ்வேர்டு சரியாக இருந்தும் மாலையில் திறப்பதில்லை, நடுராத்திரியில் திறக்கிறது! சர்வர் டாக்கரில் (மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) ஓடுகிறது.

ப: டாக்கருக்குள் நேர மண்டலம் குறிப்பிடாவிட்டால் கடிகாரம் யுடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில் ஓடும். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். அதனால் சர்வரின் கணக்கில் மாலை 6 ஆகும்போது உங்கள் வீட்டில் இரவு 11.30. டாக்கர் அமைப்புகள் உள்ள கம்போஸ் கோப்பில், நேர மண்டலத்தைக் குறிக்கும் டிஇசட் என்ற மாறிக்கு ஆசியா/கொல்கத்தா என்று கொடுங்கள். கன்டெய்னரை ரீஸ்டார்ட் செய்தால் மட்டும் போதாது; புதிதாக உருவாக்கினால்தான் மாற்றம் ஏறும். பிறகு சர்வரின் லாக் (நிகழ்வுப் பதிவு) வரிகளில் உள்ள நேரம் உங்கள் வீட்டுக் கடிகாரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

இந்த மாதிரிச் சிக்கலில் டிவியை நம்பாமல் கம்ப்யூட்டர் பிரவுசரில் நுழைந்து பார்ப்பது நல்லது. 'பெயரோ பாஸ்வேர்டோ தவறு' என்று வந்தால் அது தட்டச்சுப் பிழை. 'அனுமதி இல்லை, நிர்வாகியைத் தொடர்பு கொள்ளுங்கள்' என்ற பொருளில் வந்தால் பாஸ்வேர்டை மாற்றிப் புண்ணியமில்லை. நேரக் கட்டுப்பாடு, வெளியிலிருந்து இணைவதற்குத் தடை, கணக்கு முடக்கம் ஆகிய மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணம்.

முடக்கம்தான் பலருக்குத் தெரியாமல் நடக்கிறது. தவறான முயற்சிகளுக்குக் கணக்கில் வரம்பு வைத்திருந்தால், அத்தனை முறை தவறாக அடித்ததும் கணக்கு முடங்கும். காத்திருந்தாலும் தானாக விடுபடாது. நிர்வாகி டாஷ்போர்டில் அந்தப் பயனரைத் திறந்து, முடக்கத்துக்கான டிக்கை எடுத்துவிட வேண்டும். ரிமோட்டில் எழுத்து எழுத்தாக அடிப்பதே இந்தத் தொல்லைக்கு வழி. அதற்குப் பதில் குயிக் கனெக்ட் பயன்படுத்துங்கள்: டிவியில் 6 இலக்க எண் வரும், ஏற்கெனவே உள்ளே இருக்கும் போனில் அதைக் கொடுத்தால் போதும்.

கே: நிர்வாகி பாஸ்வேர்டே மறந்துவிட்டது. எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவவா?

ப: வேண்டவே வேண்டாம். பார்த்த இடம், பிடித்தவை பட்டியல் எல்லாம் போய்விடும். வீட்டு நெட்வொர்க்கில் இருந்தபடியே (வெளியிலிருந்து செய்தால் பலிக்காது) நுழைவுப் பக்கத்தில் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்பதை அழுத்திப் பயனர் பெயரைக் கொடுங்கள். சர்வரின் தரவு ஃபோல்டரில் பாஸ்வேர்ட்ரீசெட் என்று தொடங்கும் ஜேசான் கோப்பு ஒன்று உருவாகும். உபுண்டுவில் நேரடியாக நிறுவியிருந்தால் வார், லிப், ஜெல்லிஃபின் என்ற வரிசையில் போய்ப் பாருங்கள்; டாக்கர் என்றால் கான்ஃபிக் ஃபோல்டர். அதில் உள்ள பின் எண்ணை இடைக்கோடுகள் உட்பட அப்படியே 30 நிமிடத்துக்குள் கொடுக்க வேண்டும். அதன்பின் அந்தப் பின்தான் உங்கள் பாஸ்வேர்டு. உள்ளே போனதும் மாற்றிவிடுங்கள்.

கே: ஜெல்லிஃபினில் நுழைய முடிகிறது. ஆனால் யுஎஸ்பி டிஸ்க்கில் உள்ள படங்கள் ஒன்றுகூடத் தெரியவில்லை. படங்கள் ஃபோல்டருக்கு 777 அனுமதி (எல்லோருக்கும் முழு உரிமை) கொடுத்தும் பலனில்லை. சர்வர் உபுண்டு டெஸ்க்டாப்.

ப: கோளாறு படங்கள் ஃபோல்டரில் இல்லை, அதற்கு மேலே உள்ள ஃபோல்டரில். டிஸ்க்கைச் செருகியதும் உபுண்டு அதை மீடியாவுக்குள் உங்கள் பெயரில் ஒரு ஃபோல்டரில் இணைக்கிறது. அதற்குள் நுழைய உங்களுக்கு மட்டுமே உரிமை. சர்வரோ ஜெல்லிஃபின் என்ற தனிப் பயனராக ஓடுகிறது. தெருக்கதவு பூட்டியிருக்கும்போது அறைக்கதவைத் திறந்து வைத்து என்ன பயன்? டெர்மினலில் ஜெல்லிஃபின் பயனராக மாறி அந்த ஃபோல்டரைப் பட்டியலிட்டுப் பாருங்கள். 'பெர்மிஷன் டினைடு' என்று வந்தால் இதுதான் சங்கதி.

நிரந்தரத் தீர்வு: டிஸ்க்கின் யுயுஐடியை (தனி அடையாள எண்) எஃப்ஸ்டாப் கோப்பில் (எந்த டிஸ்க் எங்கே இணைய வேண்டும் என்று சொல்லும் கோப்பு) எழுதி, எம்என்டிக்குள் ஒரு நிலையான ஃபோல்டரில் இணையுங்கள். நோஃபெயில் என்ற விருப்பத்தையும் சேருங்கள். இல்லாவிட்டால் டிஸ்க்கைக் கழற்றிய நாளில் கம்ப்யூட்டர் பூட் ஆகாமல் நின்றுவிடும். டிஸ்க் என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் வடிவம்) என்றால் அனுமதிகளையும் அதே வரியில் யுஐடி (உரிமையாளர்), ஜிஐடி (குழு), யுமாஸ்க் (அனுமதி வரம்பு) மூலம் கொடுங்கள். பிறகு லைப்ரரியில் புதிய பாதையைச் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள்.

கே: கரண்ட் போய் வந்த பிறகு டிவிக்கு சர்வரே தெரியவில்லை.

ப: பெரும்பாலும் ரவுட்டர் சர்வருக்கு வேறு ஐபி முகவரி கொடுத்திருக்கும். ரவுட்டரின் டிஹெச்சிபி (ஐபி ஒதுக்கும்) பக்கத்தில் சர்வரின் மேக் முகவரிக்கு (கருவியின் மாறாத அடையாளம்) ஒரே ஐபியை ஒதுக்குங்கள். டிவியில் அந்த ஐபியோடு போர்ட் 8096ஐக் கொடுங்கள். முன்னால் ஹெச்டிடிபி மட்டும். எஸ் சேர்த்தால் இந்தப் போர்ட்டில் இணையாது. டிவி கெஸ்ட் வைஃபையில் இருந்தாலும் சர்வர் தெரியாது.