வீட்டு இணையத்தை சிம் ரவுட்டருக்கு மாற்றினால் பணம் மிஞ்சுமா?

கேள்வி: வீட்டில் நான்கு பேர். 300 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு வைத்திருக்கிறோம். மாதச் செலவைக் குறைக்கப் பார்க்கிறேன். சிம் போட்டு இயங்கும் 5ஜி ரவுட்டர் பிளான் ஒன்றுக்கு இப்போது கட்டுவதில் பாதிதான் ஆகிறது. மாதம் 200 ஜிபி. அதைத் தாண்டினால் வேகம் 1 எம்பிபிஎஸ் ஆகிவிடுமாம். தினமும் மாலையில் மூன்று மணி நேரம் இணையம் வழியாக டிவி பார்க்கிறோம். மனைவி வீட்டிலிருந்து வேலை பார்க்கிறார். ஃபைபர் ஒப்பந்தம் முடிய இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. மாற்றலாமா?

பதில்: உங்கள் வீட்டுக்கு வேண்டாம் என்றே சொல்வேன். செலவைக் குறைக்க நினைப்பது நல்ல விஷயம்தான், அதற்கு வேறு வழி இருக்கிறது.

முதலில் அந்த 200 ஜிபியைப் பாருங்கள். எச்டி தரத்தில் படம் ஓடினால் மணிக்கு ஏறக்குறைய 3 ஜிபி செலவாகும். மூன்று மணி நேரத்துக்கு 9 ஜிபி, 30 நாளைக்கு 270 ஜிபி. டிவி மட்டுமே உங்கள் அளவைத் தாண்டிவிடுகிறது. 4கே டிவி என்றால் இதைவிட இரண்டு மடங்குக்கு மேல் போகும். இதில் மனைவியின் வீடியோ மீட்டிங், போன்களிலிருந்து தானாக மேலேறும் போட்டோக்கள், கணினி அப்டேட் எதையும் நான் சேர்க்கவில்லை. யாரும் பார்க்காமலே அடுத்தடுத்த எபிசோடு ஓடிக்கொண்டிருக்கும் டிவியும் டேட்டாவைத் தின்னும்.

அளவு தீர்ந்த பிறகு கிடைக்கும் 1 எம்பிபிஎஸ்ஸில் மெயில் பார்க்கலாம், செய்தி படிக்கலாம். எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ் வேண்டும், அதனால் டிவி சரியாக ஓடாது. நான்கு பேர் பகிரும்போது மீட்டிங் தடுமாறும். மாதத்தின் கடைசி நாட்கள் இப்படியே போனால் கூடுதல் டேட்டா வாங்குவீர்கள், மிச்சம் பிடித்தது அதிலேயே கரையும். அதைவிட எனக்குக் கவலை உங்கள் மனைவியின் வேலை. குடும்பத்துக்கு வருமானம் வரும் வழியில் போய் சிக்கனம் பிடிக்கக் கூடாது.

வரம்பே இல்லாத வயர்லெஸ் பிளான் கிடைத்தாலும் யோசிக்க வேண்டும். மொபைல் டவரின் வேகத்தை அந்தப் பகுதியில் இருக்கும் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். மாலையில் எல்லோரும் வீடு திரும்பியதும் வேகம் இறங்கும், நீங்கள் டிவி போடுவதும் அதே நேரத்தில்தான். கனமான கான்கிரீட் சுவர், டவருக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் அறை இவையும் சிக்னலைக் குறைக்கும். வரம்பில்லாதது என்று போட்டிருந்தாலும் 'நியாயமான பயன்பாடு' என்ற நிபந்தனை, அதாவது ஓர் அளவைத் தாண்டினால் வேகத்தைக் குறைக்கும் விதி, உள்ளே இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

அப்புறம், ஒப்பந்தத்தைப் பாதியில் முறித்தால் பெரும்பாலும் அபராதம் உண்டு. புது ரவுட்டருக்கும் பணம் கேட்கலாம். இந்த இரண்டும் சேர்ந்து, மாதம் மிச்சமாகும் தொகையைப் போல எட்டு மடங்கு வந்தால் முதல் எட்டு மாதம் கையில் ஒன்றும் மிஞ்சாது. ஃபைபரோடு சேர்த்து லேண்ட்லைனோ படம் பார்க்கும் சந்தாவோ வருகிறதென்றால், தனியாக வாங்க என்ன ஆகும் என்பதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் பணம் உண்மையில் வீணாகும் இடம் அந்த 300 எம்பிபிஎஸ். 4கே படத்துக்கே 15 எம்பிபிஎஸ் அளவு போதும். இரண்டு டிவி, ஒரு மீட்டிங், இரண்டு போன் ஒரே நேரத்தில் ஓடினாலும் 100 எம்பிபிஎஸ் தாராளம், பல வீடுகளுக்கு 50 போதும். அதே நிறுவனத்தில் கீழ்ப் பிளானுக்கு இறங்க முடியுமா என்று கேளுங்கள். ஒப்பந்தக் காலத்திலேயே அனுமதிக்கிறார்களா, இல்லை ஐந்து மாதம் காத்திருக்க வேண்டுமா என்பது தெரிந்துவிடும். வேறு நிறுவனங்களின் கட்டணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். விலகப்போகும் வாடிக்கையாளரைத் தக்கவைக்கச் சலுகை தருவது இந்தத் தொழிலில் வழக்கம்தான்.

சிம் ரவுட்டர் மோசமான பொருள் என்று சொல்ல வரவில்லை. தனியாக இருப்பவர், அடிக்கடி வாடகை வீடு மாறுபவர், படம் அதிகம் பார்க்காதவர், ஃபைபர் எட்டாத இடத்தில் இருப்பவர் இவர்களுக்கெல்லாம் நல்ல தேர்வு. வெளியூரிலிருந்து சிசிடிவி கேமரா பார்ப்பவர்கள் மட்டும், அது மொபைல் இணைப்பில் வேலை செய்யுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் மனம் மாறவில்லையா? சரி, அந்த சிம் ரவுட்டர் பிளானைத் தரும் நிறுவனத்தின் ப்ரீபெய்டு சிம் ஒன்றை வாங்கிப் போனில் போட்டு, ஒரு வாரம் ஹாட்ஸ்பாட்டில் வீட்டை ஓட்டிப் பாருங்கள். குறிப்பாக மாலையில். அந்த ஒரு வாரம் முடியும்வரை ஃபைபரைத் துண்டிக்காதீர்கள்.