வளைந்து வரும் ஒளியை நம்பலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியைப் பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். தொலைதூர விண்மீன் மண்டலங்களின் உருவம், இடையிலுள்ள மண்டலக் கொத்தின் ஈர்ப்பினால் வளைந்தும் பெருத்தும் நமக்குத் தெரிகிறது என்று எழுதியிருந்தீர்கள். உருக்குலைந்து வரும் படத்தைக் கணக்கால் நேராக்குகிறார்கள் என்றால், முன்பே நம்பியதைத்தானே கணக்கில் போட்டுத் திரும்ப எடுக்கிறார்கள்?

ந.

அன்புள்ள ந.,

உங்கள் ஐயம் நியாயமானது. ஆனால் அது எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் பொருந்தாது. ஈர்ப்பு ஒளியை வளைக்கும்போது நிறம் பார்ப்பதில்லை. நீலமும் சிவப்பும் அகச்சிவப்பும் ஒரே கோணத்தில்தான் வளைகின்றன. ஆகவே உருவம் எவ்வளவு இழுபட்டாலும், ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் தெரியும் நிறமாலைக் கோடுகளை இந்த வளைவு இடம் மாற்றுவதில்லை. பேரண்ட விரிவால் அவை சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கும் அளவிலிருந்து, அதாவது செம்பெயர்ச்சியிலிருந்து, தொலைவைக் கணிக்க, வில்லைபோல ஒளியை வளைக்கும் அந்தக் கொத்தைப் பற்றி எதுவுமே தெரிந்திருக்க வேண்டியதில்லை.

சிக்கல் உருவத்திலும் பிரகாசத்திலும்தான் இருக்கிறது. கண்ணாடி வில்லையைப் போல ஈர்ப்பு வில்லை ஒளியை ஒரு புள்ளியில் குவிப்பதில்லை; அதனால் பின்னாலிருக்கும் ஒரே மண்டலம் கொத்தைச் சுற்றி மூன்று நான்கு இடங்களில், சில சமயம் நீண்ட வில்லாகவும் தெரிகிறது. கொத்தின் நிறையில் பெரும்பகுதி கண்ணுக்குப் புலப்படாத கரும்பொருள் என்பதால், அது எங்கே எவ்வளவு செறிந்திருக்கிறது என்பதை இந்தப் பல பிம்பங்களின் இடங்களை வைத்துத்தான் கணிக்கிறார்கள். பிம்பத்திலிருந்து நிறை, நிறையிலிருந்து மறுபடி பிம்பம் என்று இது வட்டமாகச் சுற்றுவது போலத் தோன்றுவது உண்மையே.

அந்த வட்டத்துக்கு வெளியிலிருந்து ஒரு சோதனை 2014 நவம்பரில் வாய்த்தது. மாக்ஸ் ஜே1149 என்ற கொத்திலுள்ள ஒரு நீள்வட்ட மண்டலத்தைச் சுற்றி, ஒரே சூப்பர்நோவாவின், அதாவது விண்மீன் வெடிப்பின், நான்கு பிம்பங்களை ஹபிள் தொலைநோக்கி படம்பிடித்தது. இத்தகைய பிம்பங்களுக்கு இடையேயான காலத்தாழ்வைக் கொண்டு பேரண்ட விரிவை அளக்கலாம் என்று 1964-இல் சொன்ன நார்வே வானியலாளர் ரெஃப்ஸ்டாலின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. வெடிப்பு நிகழ்ந்த சுருள் மண்டலம் கொத்தின் வேறு பகுதிகளிலும் தெரிந்தது. ஆனால் அங்கே வெடிப்பைக் காணவில்லை. அந்தப் பாதைகளின் நீளமும் அவை கடக்கும் ஈர்ப்பின் ஆழமும் வேறு வேறாதலால், ஒளி வந்து சேரும் நாளும் வேறுபடும். எனவே ஒரு பிம்பத்தில் வெடிப்பு இனிமேல்தான் தெரிய வேண்டும் என்று பல குழுக்கள் தனித்தனியே கணக்கிட்டு முன்கூட்டியே வெளியிட்டன. தேதிகள் எல்லாம் ஒன்றாக அமையவில்லை. சில மாதங்கள் முன்பின்னாக இருந்தன. 2015 டிசம்பர் 11-ஆம் நாள், கணித்த அதே இடத்தில் புதிய ஒளிப்புள்ளி இருந்தது. ஏறத்தாழ 930 கோடி ஆண்டுகள் பயணம் செய்த ஒளியின் வருகையைச் சில மாத வேறுபாட்டுக்குள் சொல்லிவிட்ட கணக்கை, நம்பியதைத் திரும்ப எடுத்தது என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் உங்கள் ஐயத்துக்கு முழு இடமும் உள்ள ஓர் எல்லைக்கோடு இருக்கிறது. வில்லையின் உருப்பெருக்கம் உச்சத்தை எட்டும் கோட்டை ஒட்டி, மாதிரியில் செய்யும் சிறு மாற்றமும் விடையைப் பெரிதாகப் புரட்டிவிடும். ஹபிள் கண்டு 2022-இல் அறிவிக்கப்பட்ட ஏரண்டெல் என்ற ஒளிப்புள்ளி அப்படிப்பட்ட இடத்தில்தான் இருக்கிறது. 1290 கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட ஒளி அது. வெப் எடுத்த படத்தில், அது இருக்கும் மண்டலம் இழுபட்டுத் தெரியும் செந்நிற வளைவைக் கூர்ந்து பார்த்தால், நடுவே ஏரண்டெலும் அதன் இரு பக்கமும் கண்ணாடியில் எதிரொளித்தது போல ஒரே விண்மீன் கொத்தின் இரட்டைப் பிம்பமும் தெரியும். ஏரண்டெல் மட்டும் இப்படி இரண்டாகப் பிரியாமல் ஒற்றைப் புள்ளியாகவே நிற்பதால், அது உச்சக்கோட்டின் மீதே அமர்ந்திருக்கிறது என்றும், பல்லாயிரம் மடங்கு வரை பெருக்கப்பட்டிருக்கலாம் என்றும் கருதுகிறார்கள். அந்த மடங்கு எத்தனை என்பதைப் பொறுத்தே அதன் உண்மையான பிரகாசம் அமைகிறது. அது தனி விண்மீனா, இரட்டையா, சிறு விண்மீன் கொத்தா என்பது இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது.